கையைக் கீழே போடுங்க

கையைக் கீழே போடுங்க அண்ணாச்சி. ஊசி போட்டு முடிச்சாச்சு, இனிமே பயப்பட ஒண்ணும் இல்ல. ஊசிக்கே கையைத் தூக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்னு வெக்கப்படாதீங்க. இந்த நாற்காலியில போலீஸ்காரனே தூக்கியிருக்கான். வாயில வச்சிருக்கது ரப்பர் கட்டை. அதைக் கடிச்ச மேனிக்கே சாஞ்சு கிடங்க. கட்டையை வச்சுக்கிட்டுப் பேச்சு வராது, வீணா முயற்சி பண்ணாதீங்க. மருந்து ஏறி மரக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் நான் பேசுதேன், நீங்க கேளுங்க.

வந்து உக்காந்ததும் கரிசல்புதூர்னு ஊர்ப்பேரைச் சொன்னிய பாருங்க, எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. எங்கிட்ட வேலை பாத்த ஆவுடைத்தாயைத் தெரியுமான்னு கேட்டேன். அடுத்த தெருதான், தங்கச்சி முறை வேணும்னு சொன்னிய. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இது அந்தக் கோமதியம்மன் அனுப்பிவச்ச ஆளுன்னு. உங்க பல்லை நான் எடுத்துவிடுதேன் அண்ணாச்சி. நீங்க எனக்கு ஆவுடையைக் கொண்டு வந்து தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.

உங்க இடது கைப்பக்கம் ஒரு முக்காலி கிடக்குல்லா, அது அவ இடம். பத்துப் பன்னெண்டு வருஷமா அவ அதுலதான் உக்காந்தா. இப்ப யாரையும் உக்கார விடுறதில்ல. உக்கார ஆளும் இல்ல, அது வேற விஷயம்.

நம்ம ஊருல பல் டாக்டர்னா ஜனங்க என்ன நினைக்காவ? வெள்ளைக் கோட்டு, ஏசி, வாயைத் திறன்னா திறக்கான், பிடுங்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போறான்னு நினைக்காவ. ஒரு நாள் இந்த லைட்டுக்குக் கீழ வந்து குனிஞ்சு பாக்கணும். கண்ணுல இந்தப் பூதக்கண்ணாடியை மாட்டிட்டேன்னா எனக்கு உலகத்துல ஒரு பல்லுதான் தெரியும். அதுக்குப் பக்கத்துப் பல்லு பாதி தெரியும். உங்க மூக்கு தெரியாது, கண்ணு தெரியாது, நீங்க அழுதாலும் தெரியாது. கடைத்தெருவுல என்னை மறிச்சு, சார் சௌக்கியமான்னு கேக்கவங்களை யாருன்னே தெரியாம முழிப்பேன். சிரிச்சாவன்னா தெரிஞ்சிரும், ஆகா இது நாம கட்டின பல்லாச்சேன்னு.

அதனாலதான் எல்லார்கிட்டயும் முதல்லயே சொல்லிருவேன். கத்தக்கூடாது, தலையை ஆட்டக்கூடாது, வலிச்சா இடது கையைத் தூக்குங்கன்னு. கத்தினா வெளிய இருக்கவன் எந்திரிச்சு ஓடிருவான். தலையை ஆட்டினா என் ஊசி எங்கயாவது போய்க் குத்திரும். கையைத் தூக்கினா வம்பு இல்ல. ஆனா அந்தக் கையை நான் பாக்க முடியாதுல்லா? பாக்கது ஆவுடை வேலை. கை எழும்பினதும் என் முழங்கையில ஒரு விரலை வச்சுத் தொடுவா. அவ்வளவுதான். நான் நிறுத்திருவேன். சின்னப் பிள்ளைகன்னா அவளே அந்தக் கையைப் பிடிச்சு மடியில வச்சுக்கிடுவா. இந்த டாக்டர்கிட்ட வலிக்கவே வலிக்காதுன்னு சுத்துப்பட்டுல எனக்கு ஒரு பேரு இருந்துச்சே, கேள்விப்பட்டிருப்பிய. எல்லாம் என் கைராசி.

என்ன, அந்தக் கன்னத்தைத் தட்டிக் காட்டுதிய? அங்க மரக்கலையா? அங்க எப்படி மரக்கும், ஊசி போட்ட பக்கம்தானே மரக்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும். கையை இறக்குங்க.

இந்தா, போன் அடிக்கு. கையுறையை மாட்டிட்டா பாத்து அடிக்கும். எடுக்கவும் ஆள் இல்ல. ஒரு நிமிஷம் அண்ணாச்சி, ஒருவேளை அவளா இருந்தா? அப்படியே இருங்க, எந்திரிக்காதீங்க.

கண் ஆஸ்பத்திரியான்னு கேக்கான். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அவதான்னு ஓடுதேன் அண்ணாச்சி. போன வாரம் ஒரு அம்மாவுக்குப் பாதி வேர் எடுத்துக்கிட்டு இருக்கேன், போன் அடிச்சுச்சு, அப்படியே போட்டுட்டு ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா அந்த அம்மா பஞ்சைக் கடிச்ச மேனிக்கே பஸ் ஏறிப் போயிட்டாவ. மீதிப் பாதியை எதிர்த்தாப்புல எடுத்துக்கிட்டதாக் கேள்வி.

எதிர்த்தாப்புல கண்ணாடிக் கதவு போட்டு ஒரு சின்னப் பயல் ஆரம்பிச்சிருக்கானே, பாத்தியளா? வாசல்ல மீன் தொட்டி. பல்லுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா கூட்டம் அங்கதான் நிக்கு. என் வாசல்ல நாய் படுத்துக் கிடக்கு.

சரி, ஆவுடைக்கு வாரேன். நான் அவளுக்கு என்ன குறை வச்சேன்னு நீங்களே சொல்லுங்க. சொல்ல முடியாது, கட்டை இருக்கு, பரவாயில்ல, கேளுங்க. தீபாவளி தவறாம சேலை. என் வீட்டுக்காரியே கடைக்குப் போய் எடுத்தது. அவ மக சடங்குக்கு நேர்ல போய் நின்னேன். ஒரு நாள் ஏய்னு கூப்பிட்டதில்ல. டீ வந்தா ரெண்டாவது டம்ளர் அவளுக்குத்தான். எனக்கு அவ வேலைக்காரி இல்ல அண்ணாச்சி. உள்ளதைச் சொல்லுதேன், இந்த ஊருல நான் வாய்விட்டுப் பேசின ஒரே ஆளு அவதான். பல் டாக்டர் பொழப்புல ஒரு கஷ்டம் உண்டு, வெளிய யாருக்கும் தெரியாது. நாள் முழுக்க ஆளுகளோடயே இருக்கோம், ஒருத்தராலயும் பதில் பேச முடியாது. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன். ஆவுடைதான் 'ஆமா சார்', 'அப்படியா சார்'னு சொல்லுவா. அந்தச் சத்தத்துக்கு நான் எப்படிப் பழகிட்டேன்னு அவ போன பிறகுதான் தெரியுது. இப்ப நான் பேசுதேன், சுவத்துல பட்டு எனக்கே திரும்பி வருது.

வாயில எப்பவும் ஒரு கிராம்பை ஒதுக்கி வச்சிருப்பா. போன மார்கழியில இருந்து அந்தப் பழக்கம். கிட்ட வந்தா கமகமன்னு கிராம்பு வாசம். எனக்குப் பெருமையா இருக்கும். வாய்க்குள்ள குனிஞ்சு பாக்க வேலை, நம்ம மூச்சு அடுத்தவங்க மேல படக்கூடாதுன்னு எவ்வளவு கருத்தா இருக்கா பாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். முன்னால உக்காந்து சீட்டு போடுற ஜெபக்கனிகிட்ட, அக்காவைப் பாத்துப் படின்னு அவளையும் கிராம்பு போடச் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நல்லது சொன்னா ஆகாது.

அப்புறம் ஒரு நாள் ஆவுடை, "சார், எனக்குக் கடவாய்ப்பல்லு ஒண்ணு விண்ணு விண்ணுன்னு தெறிக்கு, ஒரு தடவை பாருங்களேன்"னு கேட்டா. அதுக்கென்ன ஆவுடை, கடைசி ஆள் போகட்டும், பாத்திருவோம்னு சொன்னேன். பாக்க மாட்டேன்னா சொன்னேன்? கடைசி ஆள் போறதுக்கும் கரண்ட் போறதுக்கும் சரியா இருக்கும். இல்லன்னா அவ பஸ்ஸுக்கு நேரமாயிரும். இல்லன்னா எனக்கு லயன்ஸ் கிளப்புல கூட்டம். அவளும் திரும்பத் திரும்பக் கேட்டா, நானும் திரும்பத் திரும்பச் சரின்னேன். ஒரு தடவைகூட முகம் சுளிச்சதில்ல நான். வீட்டுக்காரி ஒரு நாள் சாப்பாடு கொண்டு வந்தவ, ஆவுடை கன்னம் வீங்கினாப்புல இருக்கேன்னு சொன்னா. முகக்கவசம் போட்டிருக்கவளுக்குக் கன்னம் எங்க தெரியும், சாப்பாட்டை வச்சுட்டுப் போன்னு அனுப்பிட்டேன்.

கடைசியில ஒரு நாள் சாயங்காலம், பல்லு காட்ட வந்தவங்க எல்லாரும் போன பிறகு நான் கையைக் கழுவிட்டுத் திரும்புதேன், அவ இந்த நாற்காலியில உக்காந்திருக்கா. நீங்க இப்ப சாஞ்சிருக்கியளே, இதே மாதிரி. மடியில தூக்குவாளி. எனக்கு அன்னைக்கு ஒரு கல்யாண வரவேற்பு. வீட்டுக்காரி பட்டுச்சேலை கட்டி வாசல்ல நிக்கா, போன் மேல போன் போடுதா. வேற டாக்டரா இருந்தா நாளைக்கு வான்னு சொல்லியிருப்பான். நான் சொல்லல. நம்ம ஆவுடைக்கு இல்லாத நேரமான்னு அப்பவே ஊசியைப் போட்டேன், அப்பவே எடுத்தேன்.

மருந்து முழுசா ஏறலைன்னு ஜெபக்கனி பின்னால சொல்லுதா. அவளுக்கு என்ன தெரியும்? நான் வழக்கம்போலப் பேசிக்கிட்டேதான் எடுத்தேன். இந்த ஜெபக்கனி தினமும் லேட்டா வாரா, நீ கொஞ்சம் சொல்லி வைக்கக்கூடாதா ஆவுடைன்னு கேட்டுக்கிட்டே எடுத்தேன். பல்லு லேசுல வரல. வேர் ரெண்டும் கொக்கி மாதிரி வளைஞ்சு கிடந்துச்சு. ஆடிப் போயிட்டேன். ஆனா எடுத்துட்டேன். அவ ஒரு சத்தம் போடல அண்ணாச்சி. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, பாத்தியா நம்ம கைராசின்னு நினைச்சேன்.

எந்திரிச்சா. வாயைக் கொப்பளிச்சா. பஞ்சை அவளே எடுத்துக் கடிச்சுக்கிட்டா. அப்புறம் என்ன பண்ணினான்னு நினைக்கிய? தன் பல்லைப் பிடுங்கின இடுக்கியைத் தானே எடுத்துக் கழுவினா. தட்டுல இருந்த ரத்தப் பஞ்சை எல்லாம் அள்ளிப் போட்டா. மறுநாளைக்கு வேண்டிய சாமானை எல்லாம் கொதிக்கிற பெட்டிக்குள்ள அடுக்கி மூடினா. எப்பேர்ப்பட்ட பொறுப்பு பாருங்க. நாற்காலியைக்கூடத் துடைச்சா. வாளியை எடுத்துட்டுப் போனா. மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. அப்புறம் வரவே இல்ல.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாவ. நான் என்ன சொல்ல. கூலி வாங்காம, வரவேற்பை விட்டுட்டு, பொண்டாட்டிகிட்ட ஏச்சும் வாங்கி, ஒருத்திக்குப் பல்லு எடுத்துவிட்டேன். அதுக்கு எனக்குக் கிடைச்சது இது.

ஜெபக்கனியும் வேலை வேண்டாம்னு கணக்கு முடிச்சுட்டுப் போறப்போ வாசல்ல நின்னு சொல்லுதா, "சார், அன்னைக்கு அக்கா கையைத் தூக்கிக்கிட்டே இருந்தாவ சார். முதல்ல ஒரு கை. அப்புறம் ரெண்டு கை. நான் கதவுகிட்ட நின்னு பாத்தேன்"னு. பாத்தவ சொல்ல வேண்டியதுதானே? என் முழங்கையைத் தொட வேண்டியதுதானே? கேட்டா, "உங்களைத் தொட எனக்குப் பயம் சார்"ங்கா. நான் புலியா, கரடியா?

எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சத்தியமாத் தெரியாது. கோமதியம்மன் மேல ஆணையாச் சொல்லுதேன், தெரிஞ்சா நிறுத்தியிருக்க மாட்டேனா? கையைப் பாக்கவ நாற்காலியில படுத்துக் கிடந்தா கையை யாரு பாப்பா? இதுல என் தப்பு என்ன இருக்கு? வலிச்சா ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா. கத்தித் தொலைச்சிருக்கலாம். எல்லார்கிட்டயும் கத்தாதீங்கன்னு சொல்லுதேன், வாஸ்தவம்தான். அவகிட்ட நான் அப்படிச் சொன்னேனா? அவ நம்ம ஆளுல்லா.

நான் வீடு தேடிப் போனேன். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், உங்க தெரு வழியாத்தானே கார் போச்சு. நாற்காலி போட்டா. கடையில இருந்து கலர் சோடா வாங்கி வரச்சொல்லி உடைச்சுக் கொடுத்தா. மரியாதையில ஒரு குறை இல்ல. நான் என் கஷ்டத்தை எல்லாம் கொட்டினேன். புதுசா வந்த ஒருத்தி ரத்தத்தைப் பாத்து மயங்கி விழுந்ததைச் சொன்னேன். அடுத்து வந்தவ எந்நேரமும் செல்போனையே பாத்ததைச் சொன்னேன். பொழுது சாயிற வரைக்கும் பேசினேன். அவ தூணுல சாஞ்சு நின்னு கேட்டா. கன்னம் ஒரு பக்கம் ஒட்டிப்போயிருந்துச்சு. கடைசியில கையை மட்டும் இப்படிக் கொஞ்சம் தூக்கினா. சரி, போயிட்டு வாங்கங்கான்னு நானும் எந்திரிச்சு வந்துட்டேன். கோபமா இருக்கவ கை காட்டி வழியனுப்புவாளா, சொல்லுங்க? அவ மனசுல ஒண்ணும் இல்ல. யாராவது பக்குவமா எடுத்துச் சொன்னா வந்துருவா.

எந்திரிக்காதீங்க. எங்க போறிய? வாயெல்லாம் மரத்துக் கிடக்கு, நாக்கைக் கடிச்சுருவிய. படுங்க. நீங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு கன்னத்தை மாத்தி மாத்திக் காட்டுதது எனக்குக் குழப்பமா இருக்கு. உங்க வாயில ரெண்டு பக்கமும் சொத்தைதான், நான் பாத்துட்டேன். அதுக்குத்தானே எக்ஸ்ரே படம் எடுத்தது. இந்தா, விளக்குப் பெட்டியில தொங்குதே, அதுல தெளிவாத் தெரியுது, இடது பக்கம் வேர் வரைக்கும் அரிச்சுப் போச்சு. இந்தப் படத்தை மாட்டுறதும் அவ வேலையாத்தான் இருந்துச்சு. மூலையில மேடா ஒரு புள்ளி இருக்கும், அது நம்மளைப் பாக்கணும். சுவத்தைப் பாத்துச்சுன்னா இடதும் வலதும் மாறிரும். நான் மாட்டும்போதும் ஒரு தடவை போன் அடிச்சுச்சு. சரியாத்தான் மாட்டியிருப்பேன். இத்தனை வருஷம் பாத்த கண்ணுல்லா இது.

நான் ஒண்ணு சொன்னா வெளிய சொல்ல மாட்டியளே? காலையில ஷட்டரைப் பாதி தூக்கிட்டு அப்படியே நிக்கேன் அண்ணாச்சி. பயமா இருக்கு. போன மாசம் ஒரு டீச்சர் வந்தாவ. நான் வேலை பாத்துக்கிட்டே இருக்கேன், திடீர்னு என் கையை ஓங்கித் தட்டிவிட்டு எந்திரிச்சு, "எத்தனை தடவைய்யா கையைத் தூக்குவேன், நீ மனுசனா"ன்னு கேட்டாவ. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேக்க மாதிரி கேட்டாவ. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. வீட்டுக்காரி இழுத்து மூடிட்டு வாங்கங்கா. மூடிட்டு நான் என்ன செய்ய? எனக்கு வேற என்ன தெரியும்? ஐம்பது வயசுக்கு மேல பல்லைத் தவிர ஒண்ணும் தெரியாதவன் எங்க போவான்? இந்த அறைக்குள்ள தனியா நிக்கும்போது கை நடுங்குது. இந்தா பாருங்க, இப்பவும் நடுங்குது. அவ அந்த முக்காலியில சும்மா உக்காந்திருந்தாப் போதும், நின்னுரும்.

அதனால நீங்க இன்னைக்கே போய்ச் சொல்லணும். டாக்டர் ஆளு பாதியாயிட்டாருன்னு சொல்லுங்க. சொன்னா அவ இளகிருவா. அவ இல்லாம அந்த மனுசனால ஒரு பல்லைக்கூட ஒழுங்கா எடுக்க முடியலைன்னு... இல்ல, அப்படிச் சொல்லாதீங்க, ஊருக்குள்ள பரவிரும். வந்து நிக்கச் சொல்லுதாருன்னு மட்டும் சொல்லுங்க. இன்னொரு கடவாய்ப்பல்லு வலிச்சாலும் நானே பாத்துவிடுதேன்னு சொல்லுங்க. அவசரப்படாம, நிதானமா, கடைசி ஆள் போன பிறகு.

இந்த நன்றியை நான் சாகுற மட்டும் மறக்க மாட்டேன். சொல்லுவியளா?

ஐயய்யோ, என்ன அண்ணாச்சி இது? ரெண்டு கையையும் தூக்கி எனக்குப் போய்க் கும்பிட்டுக்கிட்டு. நான்தான் உங்களைக் கும்பிடணும். கண்ணுல தண்ணி வேற. விடுங்க, விடுங்க, உங்க மனசு எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்க இந்த அளவுக்கு இரக்கப்படுவியன்னு நான் நினைக்கவே இல்ல. இவ்வளவு நாளும் நான் பேசினதை இப்படிக் காதுகொடுத்துக் கேட்ட ஆளே கிடையாது. போதும், இது போதும் எனக்கு. கை நடுக்கம்கூட நின்னுருச்சு, பாருங்க.

நல்லா மரத்திருக்கும் இப்ப. லைட்டைக் கீழே இறக்குதேன், கண்ணை மூடிக்கிடுங்க. தலையை ஆட்டாதீங்க, சத்தம் போடாதீங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் உடனே நிறுத்திருதேன்.